ஸ்பீக்கருக்கு ஒரு வழி, காதுக்கு ஒரு வழி: டிஜே மென்பொருளுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் இணைத்த பதிவு

லேப்டாப்பில் டிஜே மென்பொருளை இறக்கி, இரண்டு டெக்கிலும் (பாட்டை ஓட்டும் இடங்கள்) பாட்டை ஏற்றி, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை இழுத்துப் பார்க்கிற வரை எல்லாம் சுலபமாகத்தான் போகும். அடுத்து வரப்போகும் பாட்டை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் தாளம் சேர்க்க நினைக்கும்போதுதான் சிக்கல் தெரியும். லேப்டாப்பின் 3.5 மி.மீ. ஜாக்கில் இருப்பது ஒரே ஒரு ஸ்டீரியோ வெளியீடு, அதாவது இரண்டு சேனல். காதில் விழுவதே ஸ்பீக்கரிலும் விழும். டிஜேக்கு வேண்டியது நான்கு சேனல்: ஆடுபவர்களுக்குப் போகிற மெயின் மிக்ஸுக்கு இரண்டு, ஹெட்ஃபோன் கியூவுக்கு, அதாவது அடுத்த பாட்டைக் காதில் மட்டும் கேட்பதற்கு, இரண்டு. யூஎஸ்பியில் செருகும் ஒலிப் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸை வாங்குவதன் முதல் காரணம் இதுதான். ஒலித்தரம், மைக் உள்ளீடு எல்லாம் அதற்கு அடுத்தபடி.

இணைத்த இடம் தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறை. விண்டோஸ் லேப்டாப், பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மிக்ஸ் என்ற இலவச மென்பொருள். பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டுத் தேட வேண்டும், இல்லையென்றால் வேறு ஏதேதோ வந்து நிற்கும். அறையில் பழகிய பிறகு இதே செட்டை ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் தெரு மைக் செட்டோடு கோக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. அதனால் கேபிள்களை இரண்டு வேலைக்கும் சேர்த்தே வாங்கியாயிற்று.

எதை வாங்குவது

பெட்டியில் உள்ள எண்களில் முதலில் பார்க்க வேண்டியது அவுட்புட் எண்ணிக்கை. "2 இன், 2 அவுட்" என்று இருந்தால் டிஜே வேலைக்கு அது போதாது. அதில் தனியாக ஹெட்ஃபோன் ஜாக் இருக்கிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த ஜாக் பின்னால் உள்ள 1-2 (முதல், இரண்டாம் சேனல்) வெளியீட்டின் நகல், அவ்வளவே. பாட்டுப் பதிவுக்குப் பேர்போன ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி இரண்டும் இந்த வகை. குரல் பதிய நல்ல பெட்டிகள், கியூவுக்கு உதவாது.

நான்கு அவுட்புட் இருந்தால் மட்டும் போதாது, ஹெட்ஃபோன் ஜாக்கை 3-4க்கு மாற்ற வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரிங்கர் யூஎம்சி204எச்டியில் மானிட்டர் ஏ/பி என்று ஒரு பொத்தான் உண்டு. ஏ-வில் வைத்தால் ஹெட்ஃபோனில் 1-2 கேட்கும், பி-யில் வைத்தால் 3-4. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கம்ப்ளீட் ஆடியோ 6-லும் இதே போல ஒரு சுவிட்ச் இருக்கிறது. இந்தப் பதிவில் இணைத்தது யூஎம்சி204எச்டி. விலைக்குக் கொடுக்கும் வசதி, இரண்டு மைக் உள்ளீடு, பின்பக்கம் ஆர்சிஏ (டிவிடி பிளேயரில் இருக்கும் சிவப்பு-வெள்ளைச் செருகி) வெளியீடு, யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் என்று தொடக்க வேலைக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்ததுதான் காரணம்.

192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதற்காகக் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். பாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கின்றன. மென்பொருளையும் 44.1-ல் வைத்தால் தேவையில்லாத மாற்றுக் கணக்கு மிச்சம், லேப்டாப்புக்கும் சுமை குறையும்.

கன்ட்ரோலர் (மென்பொருளை ஓட்டும் குமிழ்களும் சக்கரங்களும் உள்ள கருவி) வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் தனி இன்டர்ஃபேஸ் வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கவும். டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்றவற்றில் நான்கு சேனல் இன்டர்ஃபேஸ் உள்ளேயே இருக்கிறது. ஹெட்ஃபோனை அதிலேயே செருகலாம், வேறு பெட்டி வேண்டாம். டிடிஜே-200-ல் அது இல்லை, ஸ்பிளிட்டர் கேபிளை நம்பித்தான் ஓட வேண்டும். கருவியின் உடம்பில் ஹெட்ஃபோன் ஜாக்கும் ஆர்சிஏ வெளியீடும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இன்னொன்று: செராட்டோ மென்பொருள் தான் அங்கீகரித்த கருவிகளோடுதான் முழுதாக வேலை செய்யும். பொதுவான இன்டர்ஃபேஸைச் செருகிவிட்டு "ஏன் காட்டவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மிக்ஸ், டிராக்டர், விர்ச்சுவல் டிஜே மூன்றுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

குறைந்த செலவில் ஓட்ட

காசு இப்போது இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டியதில்லை. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்க்கவும். 5.1 ஒலி கொண்ட மதர்போர்டில் பச்சை ஜாக் முன் ஸ்பீக்கர், கறுப்பு ஜாக் பின் ஸ்பீக்கர். ஒலி அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் பச்சை 1-2 ஆகவும், கறுப்பு கணினியைப் பொறுத்து 3-4 ஆகவோ 5-6 ஆகவோ நிற்கும். பச்சையில் ஸ்பீக்கர், கறுப்பில் ஹெட்ஃபோன். கறுப்பு ஜாக் ஹெட்ஃபோனை ஓட்டும் வலுவோடு செய்யப்பட்டதல்ல. சத்தம் மெல்லியதாக இருந்தால் நடுவில் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் வைக்க வேண்டியிருக்கும்.

லேப்டாப்புக்கு அதே வசதியை சிஎம்6206 சிப் உள்ள யூஎஸ்பி சவுண்ட் பாக்ஸ் கொடுக்கும். ஃப்ரண்ட், ரியர், சென்டர் என்று தனித்தனி ஜாக் இருக்கும் பெட்டி அது. கட்டைவிரல் அளவில் "7.1" என்று அச்சடித்து விற்கும் யூஎஸ்பி டாங்கிளை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு ஹெட்ஃபோன் ஜாக், ஒரு மைக் ஜாக் மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது வெறும் இரண்டு சேனல், 7.1 என்பது மென்பொருள் காட்டும் பாவனை. ஜாக்கை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி இரண்டு சவுண்ட் கார்டு. யூசிஏ202 போன்ற இரண்டு சேனல் யூஎஸ்பி கார்டின் ஆர்சிஏவில் ஸ்பீக்கர், லேப்டாப்பின் சொந்த ஜாக்கில் ஹெட்ஃபோன். மிக்ஸ் மென்பொருள் இதை அனுமதிக்கிறது. ஆனால் இரண்டு கார்டுக்கும் கடிகாரம் வேறு. இரண்டும் 44,100 என்று சொன்னாலும் நூல் அளவு வித்தியாசம் இருக்கும், அதைச் சரிக்கட்ட மென்பொருள் தாமதத்தைக் கூட்டும். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையே அந்த இடைவெளி விழும்போது கையால் தாளம் சேர்ப்பது பெரும் பாடு. ஹெட்ஃபோனிலேயே மெயினையும் கியூவையும் கலந்து கேட்டால் இந்தத் தொல்லை பாதிக்காது. ஹெட் மிக்ஸ் குமிழை நடுவில் வைத்துப் பழகவும். விண்டோஸில் மென்பொருள் சவுண்ட் கார்டோடு பேசும் வழிகளில் ஏஎஸ்ஐஓ ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் எடுக்கும் என்பதால் இந்த முறைக்கு வாசாபி அல்லது டைரக்ட்சவுண்ட் என்ற மற்ற வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்பிளிட்டர் கேபிள்தான் கடைசி வழி. இடது சேனலில் மெயின், வலது சேனலில் கியூ, இரண்டும் மோனோ. விர்ச்சுவல் டிஜேயில் இதற்கென்றே அமைப்பு இருக்கிறது. இரண்டு பேர் ஒரே போனில் பாட்டுக் கேட்க விற்கும் ஒய் கேபிள் இதற்கு ஆகாது, அது இரு பக்கமும் ஒரே ஒலியைத் தரும். இடதையும் வலதையும் பிரித்துத் தருகிற டிஜே ஸ்பிளிட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் கியூ கேட்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கூடாது. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் 500 மில்லி நொடி. சாதாரண புளூடூத்தில் ஒலி 100 மில்லி நொடிக்கு மேல் பிந்தி வரும். ஐந்தில் ஒரு பங்கு தள்ளிக் கேட்கும் காதை வைத்துக்கொண்டு தாளம் சேர்க்க முடியாது.

கேபிள்கள்

ரிச்சி தெருவுக்கு வடசென்னையிலிருந்து போவது இப்போது எளிது, மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம். வாங்கியவை: 6.35 மி.மீ. டிஆர்எஸ்ஸிலிருந்து (நுனி, வளையம், உடம்பு என மூன்று தொடர்பு உள்ள பின்) ஆண் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் வரும் மூன்று முள் செருகி) கேபிள் இரண்டு, ஒவ்வொன்றும் 5 மீட்டர், ஆர்சிஏ-ஆர்சிஏ இரட்டைக் கேபிள் 2 மீட்டர் ஒன்று, ஆர்சிஏவிலிருந்து 6.35 மோனோ பின் மாற்றி இரண்டு, ஹெட்ஃபோனுக்கு 3.5-லிருந்து 6.35 ஸ்டீரியோ மாற்றி ஒன்று. 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு. ரெசிஸ்டர் எதற்கு என்பது மைக் செட் பகுதியில் வரும்.

ஆர்சிஏ பேலன்ஸ்டு அல்ல, அதாவது வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் இரட்டைக் கம்பி அதில் இல்லை. நீளம் கூடக் கூட இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும், 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போக வேண்டுமானால் டிஆர்எஸ்-எக்ஸ்எல்ஆர்தான். கடையில் மாற்றிப் பின்களைச் செருகி, விரலால் லேசாக ஆட்டிப் பார்த்து வாங்கவும். தளர்ந்த பின் வீட்டில் ஒரு மாதம் ஓடும், விழாவில் பத்து நிமிடம் ஓடாது.

இணைத்த வரிசை

முதலில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவிய பிறகே இன்டர்ஃபேஸைச் செருகியது. லேப்டாப்பின் சொந்த யூஎஸ்பி போர்ட்டில் நேரடியாக. மௌஸ், பென் டிரைவ், போன் சார்ஜர் எல்லாம் தொங்கும் ஹப்பில் அல்ல. யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், அதைப் பங்கு போட்டால் இன்டர்ஃபேஸ் பட்டென்று அறுந்து திரும்ப ஒட்டும்.

அடுத்து விண்டோஸ் ஒலி அமைப்பு. இன்டர்ஃபேஸ் செருகியதும் விண்டோஸ் அதையே இயல்பு வெளியீடாக எடுத்துக்கொள்ளும். அதை மாற்றி லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கே திருப்பி வைக்க வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டால் வாட்ஸ்அப் மணியோசை தெரு முழுக்கக் கேட்கும். பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபார்மன்ஸ், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் அணைப்பு. இரண்டும் சின்ன வேலை, இரண்டுமே முக்கியம்.

மிக்ஸ் மென்பொருளில் பிரிஃபரன்ஸஸ், அதில் சவுண்ட் ஹார்டுவேர். சவுண்ட் ஏபிஐ என்ற இடத்தில் ஏஎஸ்ஐஓ. சாம்பிள் ரேட் 44,100. அவுட்புட் பக்கத்தில் மெயின் என்பதற்கு இன்டர்ஃபேஸும் சேனல் 1-2-வும், ஹெட்ஃபோன்ஸ் என்பதற்கு அதே இன்டர்ஃபேஸும் சேனல் 3-4-வும். பழைய பதிப்பில் மெயின் என்பதற்குப் பதில் மாஸ்டர் என்றிருக்கும். 3-4 பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் டிரைவர் சரியாக ஏறவில்லை, அல்லது ஏஎஸ்ஐஓ தேர்வாகவில்லை. லினக்ஸில் அதன் சொந்த ஒலி அமைப்பான ஏஎல்எஸ்ஏவைத் தேர்ந்தெடுத்து, கார்டை வேறு நிரல் பிடித்து வைத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டால் தனி டிரைவர் இல்லாமலே நான்கும் வரும்.

ஒலியை அனுப்புமுன் மென்பொருள் சேர்த்து வைக்கும் பஃபரின் அளவில் நிதானம் வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் 5.8 மில்லி நொடி, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. மௌஸும் விசைப்பலகையும் வைத்துக் கலப்பவருக்கு 23 மில்லி நொடி ஒன்றும் உறுத்தாது. கன்ட்ரோலரின் சுழல் சக்கரமான ஜாக் வீலைத் தேய்ப்பவருக்கு 10-ஐ ஒட்டி வர வேண்டும். 23-ல் தொடங்கி, ஒரு முழுப் பாட்டு ஓடவிட்டு, அதே பக்கத்தில் காட்டும் பஃபர் அண்டர்ஃப்ளோ (பஃபர் காலியாகி ஒலி அறுந்த தடவைகள்) எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் ஒரு படி இறக்குவது. எண் ஏற ஆரம்பித்ததும் ஒரு படி மேலே போய் அங்கேயே நிறுத்துவது. அறையில் தாங்கிய பஃபர் மே மாத வெயிலில் பந்தலில் தாங்காது. சூடேறிய லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளியில் எடுத்துப் போகும்போது ஒரு படி கூடுதலாகவே வைக்கவும்.

இனி சோதனை. ஸ்பீக்கர் குமிழ் பாதிக்கும் கீழே. டெக் 1-ல் பாட்டை ஓடவிட்டு, அதன் ஒலி ஃபேடரை முழுதாக இறக்கி, ஹெட்ஃபோன் பொத்தானை அமுக்கி, ஹெட் மிக்ஸைக் கியூ பக்கம் கடைசி வரை திருப்பியது. இன்டர்ஃபேஸில் மானிட்டர் பொத்தான் பி-யில். இப்போது காதில் மட்டும் கேட்க வேண்டும், ஸ்பீக்கர் மௌனம். பிறகு ஹெட்ஃபோன் பொத்தானை எடுத்துவிட்டு ஃபேடரை ஏற்றினால் ஸ்பீக்கரில் மட்டும். தலைகீழாக வந்தால் 1-2-வும் 3-4-வும் இடம் மாறியிருக்கிறது. இரண்டிலும் ஒன்றே கேட்டால் பொத்தான் ஏ-வில் நிற்கிறது. ஸ்பீக்கர் பாடி, காதில் ஒன்றுமே இல்லை என்றால் இன்டர்ஃபேஸில் உள்ளீட்டையும் பிளேபேக்கையும் கலக்கும் குமிழைப் பார்க்கவும். அது உள்ளீட்டுப் பக்கம் கோடியில் நின்றால் ஹெட்ஃபோன் ஊமைதான்.

சொய்ங் சத்தமும் உறுமலும்

முதல் நாள் வந்த உறுமல் 50 ஹெர்ட்ஸ், வீட்டு மின்சாரத்தின் அதே அதிர்வு. லேப்டாப் சார்ஜர் ஒரு சுவரில், ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில். சார்ஜரைப் பிடுங்கியதும் உறுமல் நின்றது, அதாவது எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டு வந்ததும் பெரும்பகுதி அடங்கியது. பேலன்ஸ்டு கேபிள் போட்டதும் மிச்சமும் போனது. ஆர்சிஏ மட்டுமே இருக்கும் இடத்தில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி உதவும், மலிவான பெட்டிகள் அடித்தாளத்தைக் கொஞ்சம் விழுங்கும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் கம்பியே இல்லாத பிளக் பாயிண்டுகள் நிறைய. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுவதே வழி. உறுமல் போக எர்த் பின்னை ஒடிக்கிற பழக்கம் உயிரோடு விளையாடுவது. மைக் பிடித்துப் பாடுகிறவர் கையில் அந்த மின்சாரம் இறங்கும்.

மௌஸை நகர்த்தும்போது மாறுகிற கீச்சொலி வேறு வகை, யூஎஸ்பி மின்சாரத்தில் கலந்த இரைச்சல். வேறு போர்ட், இல்லையென்றால் தனி அடாப்டர் உள்ள ஹப்.

படபடவென்ற விட்டு விட்டு வரும் சத்தத்துக்குப் பஃபரைக் கூட்டியும் தீரவில்லை என்றால் வைஃபையை அணைத்துப் பார்க்கவும். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு காட்டும்.

மைக் செட்டோடு கோத்தபோது

தெரு விழாவுக்கு வரும் ஆம்ப் பெரும்பாலும் மோனோ. ஆக்ஸ் என்று ஒரு உள்ளீடு, அதில் ஆர்சிஏ அல்லது 6.35 ஜாக். அதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

ஒன்று, இரு பக்கமும் ஸ்டீரியோ பின் உள்ள கேபிளை மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் செருகுவது. அந்த உள்ளீடு நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழிக்கும். இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் நடுவில் நிற்கும் குரல், பேஸ், டிரம் எல்லாம் காணாமல் போய், எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் மிஞ்சும். பாட்டில் பாடகர் இல்லை என்று எல்லோரும் கோப்பைச் சந்தேகிப்பார்கள். கோளாறு கேபிளில்.

இரண்டு, இடது வலது கம்பிகளை நேராக முறுக்கி ஒரே பின்னில் சேர்ப்பது. இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று தள்ளப் பார்க்கும், ஒலி சிதையும். சரியான வழி: இடது நுனியிலிருந்து 1 கிலோ ஓம், வலது நுனியிலிருந்து 1 கிலோ ஓம், இரண்டின் மறுமுனையையும் சேர்த்து மோனோ பின்னின் நுனியில் பற்றவைப்பு, ஷீல்டுகள் எல்லாம் ஒன்றாகப் பின்னின் உடம்பில். ரெசிஸ்டர் ஒவ்வொன்றின் மேலும் ஹீட் ஷ்ரிங்க் போடவும், இல்லையென்றால் பின்னை மூடும்போது ஒன்றோடொன்று உரசும். சால்டரிங் அயர்ன் கையில் இல்லாதவர் மிக்ஸ் மென்பொருளிலேயே மெயின் வெளியீட்டு முறையை மோனோ ஆக்கிவிட்டு, இடது பக்கக் கேபிளை மட்டும் ஆம்ப்புக்குக் கொடுத்தால் போதும். வேலை அதே, செலவு இல்லை.

ஆம்ப்பில் மைக் என்று எழுதிய துளையில் இன்டர்ஃபேஸைச் செருகக் கூடாது. மைக் உள்ளீடு மில்லிவோல்ட்டுக்குச் செய்தது. ஆர்சிஏ அளவே சுமார் 0.3 வோல்ட், புரொஃபஷனல் லைன் அளவு 1.23 வோல்ட். அங்கே செருகினால் எவ்வளவு இறக்கினாலும் கரகரப்புதான். மென்பொருளின் மீட்டர் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, சத்தத்தை ஆம்ப்பில் ஏற்றுவது சரி. கானா பாட மைக் வேண்டுமென்றால் அதை லேப்டாப் வழியாக விடாமல் நேரே ஆம்ப்பின் மைக் உள்ளீட்டுக்கே கொடுக்கவும். பஃபர் தாமதத்தோடு தன் குரலைக் கேட்டு யாராலும் பாட முடியாது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, பாட்டு வரிசையை அதற்கேற்ப அடுக்கவும்.

போடும்போது லேப்டாப், இன்டர்ஃபேஸ், மிக்சர், கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது முதலில் ஆம்ப். மாறினால் வரும் 'டொம்' குழாய் ஸ்பீக்கரின் டயாஃப்ரமைக் கிழிக்கும்.

உப்புக்காற்று

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆர்சிஏ பின்னில் பச்சை பூத்து, ஒரு பக்கம் மட்டும் ஒலி வருவது இங்கே சகஜம். பின்னைத் திருகினால் ஒலி வந்து போனால் அதுதான் நோய். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்னைத் துடைத்து, ஜாக்குக்குள் காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, பத்துத் தடவை செருகி எடுத்து, முழுதாகக் காய்ந்த பிறகே மின்சாரம். மண்ணெண்ணெய், உப்புத்தாள் இரண்டும் வேண்டாம். உப்புத்தாள் முலாமை உரித்துவிடும், அடுத்த மாதம் பச்சை இரட்டிப்பாக வரும். இன்டர்ஃபேஸை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பையை மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். பயன்படுத்தாத ஜாக்குகளிலும் வாரம் ஒரு தடவை பின்னைச் செருகி எடுத்தால் உள்ளே படலம் கட்டாது.